தங்கவயலுக்கு பஸ் எடுக்கும் மதுரை நண்பர்களுக்கு

ஞாயிறு விடிகாலையில் யானைமலை, கீழவளவு, அரிட்டாபட்டி என்று கூட்டிப்போய்ச் சமணர் படுகையும் கல்வெட்டும் காட்டுகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். உங்களோடு ஐந்தாறு முறை மலை ஏறியவள் நான். கடைசி வரிசையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு வருகிற, தூக்குவாளியில் சுண்டல் கொண்டுவருகிற செல்லூர் அம்மா என்றால் ஞாபகம் வரும். இத்தனை நாள் நீங்கள் பேச நான் கேட்டேன். இந்த ஒரு தடவை நான் பேசுகிறேன்.

போன வாரம் உங்கள் அறிவிப்பு வந்தது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலுக்கு மூன்று நாள் பயணம், நாற்பது இருக்கை. நல்ல சங்கதிதான். ஆனால் படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் ‘கைவிடப்பட்ட பேய் நகரம்’ என்று போட்டிருந்தீர்கள். நீங்கள் பேய் நகரம் என்கிற ஊரில் என் தம்பி மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். டியூஷனுக்கும் போகிறாள்.

நான் பிறந்தது அங்கே, சாம்பியன் ரீஃப் சுரங்கத்துத் தொழிலாளர் லைனில். தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து வேலைக்குப் போனவர். அப்பா அண்டர்கிரவுண்டில் மரம் கட்டுகிற வேலை, டிம்பர்மேன் என்பார்கள். 1985-ல் கல்யாணமாகி நான் மதுரைக்கு வந்தேன். வந்த புதிதில் ‘பொண்ணு கன்னடமா, தெலுங்கா’ என்று இந்தத் தெருவில் விசாரித்தார்கள். தமிழ்தான் என்றால் நம்பவில்லை. எங்கள் தமிழில் தெலுங்கும் கன்னடமும் இங்கிலீஷும் ஒன்றாகக் கொதித்திருக்கும், அது வேறு விஷயம்.

உங்களுக்கு வரலாறு என்றால் உயிர். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். திப்பு 1799-ல் வீழ்ந்த பிறகு மைசூர் எல்லையை அளக்க வந்த ஆங்கிலேய அதிகாரிகளில் ஜான் வாரன் ஒருவர். அந்தப் பக்கம் மண்ணில் பொன் கிடக்கிறது என்று காதில் விழ, காட்டுபவர்களுக்குப் பரிசு உண்டு என்று சொல்லியிருக்கிறார். ஊர்க்காரர்கள் மாட்டு வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண் முன்னாலேயே அலசிக் காட்டினார்கள். தூள் தூளாகப் பொன். இது 1802. புத்தகங்களில் வாரன் கண்டுபிடித்தார் என்றுதான் இருக்கும். மாரிக்குப்பத்துச் சனங்கள் அவருக்கு முன்பே குழி வெட்டி, கூடை கூடையாய்க் கைமாற்றி மண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் போய்ப் பார்த்ததே அதைத்தான். கண்டுபிடித்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதன்பின் எழுபது வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று பெங்களூரில் இருந்த லாவெல் என்ற ஐரிஷ்காரர் வாரனின் குறிப்பைப் படித்துவிட்டு, 1871-ல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். 1875-ல் மைசூர் அரசிடமிருந்து தோண்டும் உரிமை வாங்கினார். அவரிடம் பணம் இல்லை. கைமாற்றிவிட்டார். பெங்களூரில் லாவெல் ரோடு இருக்கிறதே, நம் பையன்கள் ஐ.டி. வேலைக்குப் போய்க் காபி குடிக்கிற இடம், அந்தப் பெயர் இவருடையது. 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் சுரங்கம் சூடு பிடித்தது. மேஸ்திரி வேலைக்கு இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஆள் இறக்கினார்கள். காவலுக்குப் பஞ்சாபிகள். கீழே இறங்கிக் கல் உடைக்க வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், சித்தூர்ச் சீமைகளின் சேரிச் சனம். ஊரில் ஆண்டையிடம் கைகட்டி நின்றவர்கள் பாதாளத்துக்குள் போய்க் கூலியைக் கையில் வாங்கினார்கள். ஒரு காலத்தில் ஆள்கணக்கு முப்பதாயிரத்தை எட்டியது.

வெள்ளைக்காரனுக்குப் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம் எல்லாம் இருந்தது. ‘குட்டி இங்கிலாந்து’ என்று உங்கள் அறிவிப்பிலும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குட்டி இங்கிலாந்தின் கொல்லைப்புறத்தில்தான் எங்கள் லைன். லைன் என்றால் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். மூங்கில் தட்டியால் கட்டியதால் ஆதியில் அதற்குத் தட்டி வீடு என்றே பெயர். பிறகு ஓடும் தகரமும் வந்தது. உள்ளே குனிந்துதான் போகவேண்டும். பங்களாவைப் படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. லைனையும் பாருங்கள் என்கிறேன்.

மின்சாரக் கதை ஒன்று உண்டு. ‘ஆசியாவிலேயே முதலில் கரண்ட் வந்த ஊர்’ என்று எங்கள் ஊர்க்காரர்கள் மார்தட்டுவார்கள், நானும் தட்டியிருக்கிறேன். அது சரியில்லை. டார்ஜிலிங்கில் 1897-லேயே நீர்மின்சாரம் எரிந்தது. உண்மையே போதுமான அளவுக்குப் பெரியது: 1902-ல் சிவனசமுத்திரத்தில் காவிரி விழுகிற இடத்தில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீளமான மின்தடங்களில் அது ஒன்று. பெங்களூரில் தெருவிளக்கு எரிய அதற்கப்புறம் மூன்று வருஷம் ஆனது. காவிரித் தண்ணீருக்கு இரண்டு மாநிலமும் மல்லுக்கட்டுகிறதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கம்பி ஞாபகம் வரும். என் பாட்டி சாகும்வரை சிமினி விளக்கில்தான் சமைத்தாள். மின்சாரம் எந்திரத்துக்கு வந்தது, பங்களாவுக்கு வந்தது. லைனுக்கு வர நாளானது.

ஆழத்தைப் பற்றி நாலு வார்த்தை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம். எண்ணைச் சொன்னால் மனசில் நிற்காது. நாம் ஏறுகிற யானைமலை தலையிலிருந்து வால் வரை சுமார் 4 கிலோமீட்டர். அந்த யானையைத் தும்பிக்கை கீழாக நட்டால் முக்கால் உடம்புக்கு மேல் உள்ளே போய்விடும். ஒரே கேஜில் அடிவரை போக முடியாது. கேஜ் என்றால் இரும்புக் கூண்டு லிஃப்ட். இறங்கி, சுரங்கத்துக்குள் நடந்து, இன்னொரு கேஜில் ஏறி இன்னும் கீழே போகவேண்டும். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். மேலே குளிர்பதன எந்திரம் வைத்துக் காற்றைக் குளிரவைத்துக் கீழே தள்ளினார்கள். அப்பா வேலைக்குப் போகும்போது கொண்டுபோகிற தண்ணீரைவிட, திரும்பும்போது சட்டையைப் பிழிந்தால் வருகிற தண்ணீர் அதிகம் என்பாள் அம்மா.

அந்த ஆழத்தில் பாறை சும்மா இருக்காது. மேலே இருக்கும் பாரம் அழுத்தி, வெட்டிய இடத்தில் திடீரென்று வெடிக்கும். எங்கள் ஊரில் அதற்கு ஏர் பிளாஸ்ட் என்று பெயர். கீழே வெடித்தால் மேலே லைனில் அலமாரிப் பாத்திரங்கள் கலகலவென்று உருளும். அந்தச் சத்தம் கேட்டதும் எந்த வீட்டிலும் யாரும் பேசமாட்டார்கள். எந்த ஷிஃப்ட், எந்த ஷாஃப்ட் என்று மனசுக்குள் கணக்குப் போடுவார்கள். ஷாஃப்ட் என்றால் கேஜ் இறங்குகிற கிணறு போன்ற குழி. பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வருவார்கள். ஷாஃப்ட் பக்கம் போகலாமா என்று ஒருத்தியும் கேட்கமாட்டாள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் நடந்துகொண்டிருப்பார்கள். அப்பா எத்தனையோ முறை திரும்பி வந்தார். அடுத்த வீட்டு மாமா ஒரு முறை வரவில்லை. பாறைகளின் குணத்தை ஆராய்கிற தேசிய நிறுவனம் 1988-ல் எங்கள் ஊரில் தொடங்கப்பட்டதற்குக் காரணமே இந்த வெடிப்புகள்தான்.

இதே ஆழத்தைத் தேடி இன்னொரு கூட்டமும் வந்தது. உங்கள் அறிவிப்பில் இது இல்லாததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 1950-களின் தொடக்கத்திலிருந்தே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் தங்கவயல் சுரங்கத்துக்குள் கருவிகளோடு இறங்கினார்கள். வானத்திலிருந்து கொட்டுகிற காஸ்மிக் கதிர்களைப் பாறை வடிகட்டிவிடும். அத்தனை கல்லையும் ஊடுருவி வருவது நியூட்ரினோ என்ற நுண்துகள் மட்டும். 1965-ல், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடயத்தை அங்கே பிடித்தார்கள். ஜப்பானின் ஒசாகாவும் இங்கிலாந்தின் டர்ஹாமும் கூட்டு. அதே சமயத்தில் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு தங்கச் சுரங்கத்தில் பிடித்தார்கள். உலகத்தில் முதன்முதலாக. அந்தக் கருவிகளைச் சுமந்து கேஜில் ஏற்றியவர்கள், அவை நிற்க இடம் வெட்டியவர்கள் எல்லாம் எங்கள் லைன் ஆட்கள். ‘சைன்டிஸ்ட் அய்யாங்க ரூம்’ என்று அப்பா சொல்வார். உள்ளே என்ன என்று கேட்டால், ‘வராத விருந்தாளிக்கு வாசலைத் தொறந்து வச்சுட்டு உக்காந்திருக்காங்க’ என்பார். இன்றுவரை நியூட்ரினோவுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

ஆழத்துச் சுரங்கத்தை மூடத் தொடங்கியதும் அந்த ஆராய்ச்சிக்கும் இடம் போனது. புது இடம் தேடியவர்கள் எங்கே வந்தார்கள் தெரியும் அல்லவா? நம் தேனிப் பக்கம், பொட்டிப்புரம். எதிர்ப்பு, வழக்கு என்று அது நின்றுபோனது உங்களுக்குத் தெரிந்த கதை. மாதிரிக் கருவி ஒன்று, 85 டன் இரும்பு, நம் வடபழஞ்சியில் இருக்கிறது. நான் எந்தப் பக்கத்து மனுவிலும் கையெழுத்துப் போடவில்லை. மலையைக் குடைந்தால் என்ன ஆகும் என்ற பயமும் எனக்குப் புரியும். அப்பாவின் அந்த ரூம் நின்றுபோன துக்கமும் எனக்கு உண்டு. மதுரையிலிருந்து தங்கவயல் போகிற ஒரு பஸ்ஸில் இந்தக் கதையைச் சொல்ல ஒருத்தர்கூட இல்லை என்றால் எப்படி?

இனி மூடிய கதை. 1956-ல் மைசூர் அரசு சுரங்கத்தைக் கையில் எடுத்தது, 1962-ல் மத்திய அரசுக்குப் போனது, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்று பெயர் மாறியது. ஆரம்பத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் தங்கம் இருந்தது. கடைசிக் காலத்தில் மூன்று நாலு கிராம். செலவு ஏறியது, தங்கம் இறங்கியது. 2001 பிப்ரவரி 28-ம் தேதி பூட்டினார்கள். சுமார் 120 வருஷத்தில் 800 டன் தங்கம் போயிருக்கிறது. தண்ணீரை இறைக்கிற பம்பை நிறுத்தியதும் ஷாஃப்ட்டுகளில் தண்ணீர் ஏறிவிட்டது. அதனால், ‘உள்ளே இறங்கிப் பார்க்கலாமா’ என்று யாராவது கேட்டால் முடியாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். காசு கொடுத்தால் இறக்கிக் காட்டுகிறேன் என்று எவனாவது வந்தால் அவனை நம்பாதீர்கள்.

அறிவிப்பில் பெரிதாக இருந்த படம் சயனைட் மேடு. சினிமா வந்தபிறகு எல்லோருக்கும் அதன் உச்சியில் நின்று போட்டோ எடுக்க வேண்டும். அது மலை இல்லை. கல்லை மாவாக அரைத்து, சயனைட் கரைசலில் தங்கத்தைக் கரைத்தெடுத்துவிட்டு, மிச்சக் குழம்பைக் கொட்டிக் கொட்டிக் காய்ந்து உயர்ந்த கழிவு. அப்படி 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். மழை அறுத்து அறுத்து ஓடை விழுந்து, சாயங்கால வெயிலில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். நாங்களே தகரத் துண்டில் உட்கார்ந்து சறுக்கி விளையாடியவர்கள்தான். ஆனால் ஆடிக் காற்று அடித்தால் அந்தத் தூள் ஊரெல்லாம் பறக்கும். சோற்றில் விழும், கொடியில் காயும் துணியில் படியும், மூச்சில் போகும். அடிவாரத்தில் வீடுகள் இருக்கின்றன. நாற்பது பேர் ஏறி மிதித்தால் தூள் கிளம்பி அந்த வீடுகளுக்குப் போகும். தூரத்தில் நின்று பாருங்கள். அதில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க மறுபடி தோண்டலாம் என்று மத்திய அரசு கேட்டு, 2024-ல் கர்நாடக அரசும் ஒத்துக்கொண்டது. அதனால் வேலை வரும் என்று என் தம்பி நம்புகிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கே போகலாம் என்று கேட்பீர்கள். முதலில் ரயில் நிலையம். 1894-ல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, சுரங்கத்துக்காகவே போட்ட கிளைப்பாதை அது. கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று ஸ்டேஷன் பெயர்களே ஒரு சரித்திரம். விடியும் முன்னே மாரிக்குப்பத்தில் போய் நில்லுங்கள். சுரங்கம் மூடியபிறகு இந்த ஊருக்குச் சோறு போடுவது அந்த வண்டிதான். ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். கார்மென்ட்ஸ், செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டர் கம்பெனி. என் தம்பி இருபது வருஷமாக அப்படித்தான். சீட்டுக்கட்டு, பஜனை, தூக்கம், குடும்பச் சண்டைக்குப் பஞ்சாயத்து எல்லாம் அந்தப் பெட்டிக்குள் நடக்கும். நீங்கள் ஏறாதீர்கள். உட்கார இடம் அவர்களுக்கு வேண்டும். உச்சிவெயில் வண்டி காலியாக வரும், அதில் நாம் போகலாம்.

சாம்பியன் ரீஃபில் ஐந்து விளக்குச் சந்தி, ஃபைவ் லைட்ஸ் என்பார்கள். அங்கிருந்து பார்த்தால் ஷாஃப்ட்டின் மேலே நிற்கும் இரும்புக் கோபுரமும் உச்சியில் சக்கரமும் தெரியும். அந்தச் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்துத்தான் நாங்கள் நேரம் சொல்வோம். பழைய மாதா கோவில்கள் உண்டு, ஆங்கிலோ இந்தியர் வீடுகள் உண்டு. கட்டம் கட்டமாகத் திட்டமிட்டுப் போட்ட ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெரு உண்டு. அங்கே தமிழில் பேரம் பேசுங்கள். கடைக்காரர் மார்வாடியாக இருந்தாலும் தமிழில் பதில் வரும்.

மாரிக்குப்பத்தில் என்னவோ சின்ன இடம்தானே என்று தாண்டிவிடாதீர்கள். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் வேர்விட்ட இடங்களில் அது முக்கியமானது. சம்பளத்திலிருந்து காசு போட்டு அந்தத் தொழிலாளிகள் பிரசங்கம் நடத்தினார்கள், புத்தகம் போட்டார்கள். 1914-ல் பண்டிதர் காலமானபிறகு நின்றும் நடந்தும் தடுமாறிய அவருடைய ‘தமிழன்’ பத்திரிகை, 1926-லிருந்து தங்கவயலில்தான் ஜி. அப்பாதுரையார் என்ற பௌத்தரின் கையில் மறுபடி வந்தது. மதுரையில் சங்கம் இருந்தது என்று பெருமைப்படுகிறோம். பாறைக்குள் எட்டு மணிநேரம் வேலை பார்த்துவிட்டு வந்து பத்திரிகை படிக்க உட்கார்ந்தார்களே, அவர்களுடையதும் சங்கம்தான் என்பது என் கட்சி.

அந்தச் சனம் சும்மா தலையாட்டிக்கொண்டும் இருக்கவில்லை. 1930-ல் குற்றவாளியைப் போல விரல்ரேகை பதியச் சொன்னபோது அத்தனை சுரங்கமும் வேலையை நிறுத்தியது. 1946 நவம்பர் 4-ம் தேதி போலீஸ் சுட்டதில் ஆறு தொழிலாளிகள் செத்தார்கள். கர்நாடகத்தில் அண்ணா தி.மு.க.வும் இந்தியக் குடியரசுக் கட்சியும் ஜெயித்த தொகுதி எது என்று பந்தயம் கட்டலாம். எங்கள் ஊர்தான்.

சுற்றுவட்டாரத்துக்கு ஒரு நாள் போதும். கம்மசந்திரத்தில் கோடிலிங்கேசுவரர் கோவில், 108 அடி லிங்கமும் சுற்றி வயல் நிறைய குட்டி லிங்கங்களும். உங்களைப் போன்ற கல்வெட்டுப் பிரியர்களுக்கு அது புதுசு, ரொம்பப் புதுசு. ஆனால் பஸ்ஸில் வரும் மாமிகள் விடமாட்டார்கள், நிறுத்தித்தான் ஆகவேண்டும். பெத்தப்பள்ளியில் எரிமலைச் சிதறல் பாறையை தேசிய நிலவியல் சின்னம் என்று பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். தங்கம் ஏன் அங்கே விளைந்தது என்பதற்கான பழங்கதை அந்தப் பாறையில்தான் இருக்கிறது. பாலாற்றில் பேத்தமங்கலம் ஏரி, ஊருக்கும் சுரங்கத்துக்கும் தண்ணீர் கொடுத்தது. பூதிகோட்டை ஹைதர் அலி பிறந்த ஊர். கோலாருக்குள் போனால் கோலாரம்மா கோவிலில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு. கோலாரின் பழைய பெயர் குவளாலபுரம். நன்னூலை எழுதவைத்த சீயகங்கனின் பட்டப்பெயர் ‘குவளாலபுர பரமேசுவரன்’. பள்ளிக்கூடத்தில் ‘மொழிமுதற் காரணமாம்’ என்று மனப்பாடம் செய்தபோது எனக்கு இது யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் இன்னும் நாலு நூற்பா சேர்த்துப் படித்திருப்பேன். திரும்பும்போது பங்காருபேட்டையில் பானிபூரி. அங்கே அந்தத் தண்ணீர் வெள்ளையாக, தெளிவாக இருக்கும். பச்சைத் தண்ணீர் என்று ஏமாந்துவிடாதீர்கள், காரம் மண்டைக்கு ஏறும்.

இடையில் ஒன்று. 2024 கடைசியில் நம் மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் எடுக்கப்போகிறார்கள் என்று வந்தபோது, சுரங்க ஊர்க்காரி என்று தெரிந்த இரண்டு மூன்று பேர் என்னிடம் வந்து, ‘வந்தா வேலை கிடைக்கும்ல, நல்லதுதானே?’ என்று கேட்டார்கள். 2022-ல்தான் அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்திருந்தார்கள். அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. எங்களுக்கு நாலு தலைமுறை சோறு போட்டது சுரங்கம்தான். அது இல்லாவிட்டால் தாத்தா ஆண்டை வீட்டு வாசலிலேயே செத்திருப்பார். ஆனால் அங்கே கல்லைத் தவிர வேறில்லாத பொட்டலுக்குச் சுரங்கம் வந்தது, இங்கே விளைகிற மண்ணுக்கும் எழுத்து வெட்டிய மலைக்கும் வரப்பார்த்தது. அதை எதிர்த்து மேலூர்ச் சனங்கள் மதுரைக்குள் நடந்து வந்த அன்றைக்கு நானும் தல்லாகுளத்தில் தண்ணீர்ப் பாட்டில் கொடுத்துக்கொண்டு நின்றேன். 2025 ஜனவரியில் அந்தச் சுரங்க ஏலம் ரத்தானது. தங்கவயலுக்குப் போகிற பஸ்ஸில் மேலூர்க்காரர்கள் நாலு பேருக்காவது இடம் வைத்தால், என் தம்பியும் அவர்களும் பேசிக்கொள்வதை ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்க எனக்கு ஆசை.

இனி நான் கேட்பது. அறிவிப்பில் ‘பேய் நகரம்’ என்பதை எடுத்துவிடுங்கள். லைனுக்குள் போனால் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். அங்கே இருக்கும் கிழவர்களில் பலருக்கு இரைப்பு இருக்கும், மாடிப்படி போலப் பேச்சு விட்டு விட்டு வரும். அவசரப்படுத்தாமல் கேளுங்கள். வழிகாட்டி என்று பெங்களூரிலிருந்து ஆள் பிடிக்காதீர்கள். வேலை பார்த்தவர்களே சொல்லட்டும், அந்தக் கூலியை அவர்களுக்கே கொடுங்கள். என் தம்பியிடம் சொன்னால் ஆள் ஏற்பாடு செய்வான், அவனுக்குக் கமிஷன் வேண்டாம், லீவு மட்டும் வேண்டும்.

தேதியையும் மாற்ற முடியுமா பாருங்கள். அக்டோபர் கடைசி சனி, ஞாயிறு என்று போட்டிருக்கிறீர்கள். ஞாயிறன்று மாரிக்குப்பத்து விடிகாலை வண்டியில் கூட்டமே இருக்காது, பார்க்க ஒன்றுமில்லை. நாலைந்து நாள் தள்ளினால் நவம்பர் 4 வந்துவிடும். அன்றைக்கு அந்த ஆறு பேருக்கு மாலை போடுவார்கள். நாம் நாற்பது பேர் மதுரையிலிருந்து மல்லிகைப்பூவோடு போய் நிற்கலாம். முதல் நாள் ராத்திரி கிளம்பினால் திண்டுக்கல், கரூர், சேலம், கிருஷ்ணகிரி, குப்பம் வழியாகக் காலையில் சேர்ந்துவிடலாம். பூ வாடாமல் இருக்க ஈரத்துணியும் வாழை இலையும் நான் கொண்டுவருகிறேன்.

எனக்கு ஜன்னலோர சீட். இடது பக்கம். குப்பம் தாண்டியதும் முதல் மேடு அந்தப் பக்கம்தான் தெரியும் என்று ஞாபகம், தப்பாக இருந்தால் பக்கம் மாறி உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
செல்லூரிலிருந்து ஒரு சாம்பியன் ரீஃப்காரி